இந்த வாரத்து வார்த்தை

பலூனில் என்ன பெரிய ஆபத்து இருந்துவிடப் போகிறது என்று தெரியாத்தனமாக ஒரு முறை கேட்டுப்பாருங்கள். பொட்டலத்தின் அம்மா உங்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, விவரமாகச் சொல்வாள். திராட்சைப் பழம், திரைச்சீலைக் கயிறு, சட்டைப் பொத்தான், துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடி, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருப்பாள். ஒரு கதைகூட நல்லபடியாக முடியாது.

அவளைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். அவள் பார்க்கிற வேலை அப்படி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில், நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களைப் படித்து, கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, எப்படி நடந்தது, யார் கவனிக்காமல் விட்டார்கள் என்று குறிப்பு எழுதும் பிரிவு. காலையில் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் தீ, தண்ணீர், மின்சாரம், மாடிப்படி, கண்ணாடிக் கதவு. ஊரில் யார் வீட்டில் எது இடிந்து விழுந்தாலும் அது இவள் மேஜையில் வந்துதான் விழும். எல்லா மனுவிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்." அந்த வரியைப் படித்துப் படித்து அவளுக்குத் திரும்பவே பயமாகிவிட்டது. அலுவலகத்தில் அவளுக்கு அபாயச் சங்கு என்று பெயர். அவளுக்கும் தெரியும். அபாயம் வந்தால் சங்குதானே ஊத வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

பொட்டலம் அவளுடைய ஒரே பெண். பத்து வயது. பிறந்த புதிதில் குல்லா, கையுறை, காலுறை, அதற்கு மேல் ஒரு போர்வை, அதற்கும் மேல் ஒரு சால்வை என்று சுற்றிவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இது என்னடி, பிள்ளையா பொட்டலமா?" என்று கேட்டார் அப்பாக்காரர். பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். அதனால் பிரித்துவிட ஆளில்லாமல் பொட்டலம் பொட்டலமாகவே வளர்ந்தது. சைக்கிள் கேட்டது, கிடையாது. நீச்சல் கேட்டது, மூச்சு விடக் கூடாது. பூங்காவில் ஊஞ்சல் ஆடக் கேட்டது. அன்றைக்குப் பார்த்து அலுவலகத்தில் ஒரு ஊஞ்சல் மனு வந்திருந்தது.

இத்தனை நாளும் பள்ளி விட்டதும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளக் கீழ்வீட்டு அத்தை இருந்தாள். அந்த அத்தை மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டாள். வேலையை விடவும் முடியாது. பள்ளி வேன் வந்து இறக்கிவிட்டதிலிருந்து அம்மாக்காரி வந்து சேரும் வரைக்கும் மூன்றாம் மாடி வீட்டில் பெண் தனியாக இருந்தாக வேண்டும். அந்த முடிவை எடுத்த அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆனால் அபாயச் சங்கா கொக்கா? சட்டங்கள் போட்டாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது. பால்கனிக் கதவைத் தொடக் கூடாது. குப்பை எடுக்கிறவர்கள் வந்து போகும் பின்பக்கப் படிக்கட்டில் காலே வைக்கக் கூடாது. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். அதற்கென்றே பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில் கனமான ஒரு தாழ்ப்பாள் புதிதாக அடிக்கவைத்தாள். அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து சாவி இருந்தும் பிரயோஜனமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே வார்த்தை. வாரத்துக்கு ஒரு வார்த்தை. கதவுக்கு வெளியே யார் வந்து நின்றாலும், போனில் யார் கூப்பிட்டாலும், அந்த வார்த்தையைச் சொன்னால்தான் பேச்சு.

"நீ வந்தாக்கூடவா?" என்று பொட்டலம் கேட்டது.

"நான் வந்தாலும்தான். இப்பல்லாம் ஒருத்தர் குரல்ல இன்னொருத்தர் பேசறதுக்கு மெஷின் வந்திருக்கு. என் குரல்ல எவனாவது பேசினா?"

"தப்பா சொன்னா?"

"ஒரே ஒரு தடவைதான். போனை அணைச்சு வெச்சிடு. கதவுகிட்டயே போகாதே."

வார்த்தையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுவருக்கும் காது இருக்கும் என்று, ஞாயிற்றுக்கிழமையில் ஒருவர் உள்ளங்கையில் இன்னொருவர் விரலால் எழுதுவார்கள். அப்பாக்காரருக்குக்கூடத் தெரியாது. முதலில் கத்தரிக்கோல். அப்புறம் தபால்பெட்டி. அப்புறம் ஒட்டகம். பொட்டலத்துக்கு அந்த விளையாட்டு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. உள்ளங்கையில் எழுதினால் கூச்சமாக இருக்கிறது என்று சிரிக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அது அம்மாவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு விரலை வாயில் விட்டு ஃபூ ஃபூ என்று ஊதிக்கொண்டிருந்தது. வேன் டிரைவர் மாமாவிடமிருந்து கற்றுக்கொண்ட வித்தை. வெறும் காற்றுதான் வந்தது, கூடக் கொஞ்சம் எச்சில்.

"வாயிலேர்ந்து விரலை எடு! நகத்துல இருக்கறதெல்லாம் வயித்துக்குள்ள போகும்."

"இன்னும் கொஞ்சம்தாம்மா, வந்துடும்."

"வியாதிதான் வரும்."

பொட்டலம் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வாரம் வார்த்தையை நான் வைக்கட்டுமா?" என்று கேட்டது. அம்மாக்காரி அப்போது படுக்கையறை ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு, கொண்டி ஆடுகிறதே, காற்றில் திறந்துகொள்ளுமோ என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம், வை" என்று இடது கையைப் பின்னால் நீட்டினாள். பொட்டலம் எழுதியது. "புரிஞ்சுதா?" என்றது. "ம், ம். சரி" என்றாள். கொண்டியைச் சரிசெய்ய ஆள் கூப்பிட வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை, பள்ளி விட்டு அதிக நேரம் ஆகவில்லை, எதிர்வீட்டு ஜிம் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. பார்க்க மலை மாதிரி இருப்பான், குரல் மட்டும் பால் குடிக்கிற பிள்ளை குரல்.

"அக்கா, பதறாதீங்க."

பதறாதீங்க என்று ஆரம்பித்த பேச்சு எப்படி முடியும் என்று அவளுக்கா தெரியாது? நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"கீழ மீட்டர் ரூம்ல தீ பிடிச்சிருச்சு. மாடிப்படி முழுக்கப் புகை. எல்லாரையும் இறங்கச் சொல்றாங்க. உங்க பாப்பா கதவைத் திறக்க மாட்டேங்குது."

"தட்டினீங்களா?"

"தட்டாமலா? உடைச்சிருவேன்னு பயந்து மெதுவாத்தான் தட்டினேன். 'வார்த்தை சொல்லுங்க'ன்னு கேக்குது. என்ன வார்த்தைக்கா? எனக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்தையெல்லாம் சொல்லிப் பார்த்துட்டேன். ஒண்ணுத்துக்கும் அசையல."

அந்த நிலைமையிலும் ஒரு கணம், இவனிடம் சொல்லலாமா, நம்பலாமா என்று மனம் கணக்குப் போட்டது. என்ன ஜென்மமோ! பிறகு, தொலையட்டும், சொல்லித் தொலைக்கலாம் என்று வாயைத் திறந்தாள்.

வார்த்தை வரவில்லை.

"இருங்க தம்பி, நானே பேசறேன்" என்று வைத்துவிட்டுப் பெண்ணின் போனுக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டது.

"பொட்டலம், அம்மாதான்டா. கதவைத் திற, மாஸ்டர் மாமாகூடக் கீழ இறங்கு."

"வார்த்தை?"

மெல்லிய குரல். நடுங்குகிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒட்டகம்."



"அது போன வாரம்" என்றது பொட்டலம்.

"கண்ணு, கேளு, அம்மா சொல்றேன்ல..."

போன் அணைந்தது. மறுபடி அடித்தாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொன்னது. ஒரே ஒரு தடவைதான். சட்டம் யார் போட்டது? பிள்ளை சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. இவ்வளவு கீழ்ப்படிகிற பிள்ளையை யாராவது இவ்வளவு பயத்தோடு நினைத்திருப்பார்களா?

டாக்ஸிக்குள் ஏறி உட்கார்ந்தாள். இடது கையை விரித்துப் பார்த்தாள். ரேகைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் கொண்டி ஞாபகம் வந்தது. அதில் எத்தனை ஆணி, எந்த ஆணி துருப்பிடித்திருந்தது என்பதுகூட வந்தது. கையில் ஓடிய விரல் மட்டும் வரவில்லை. முதல் எழுத்துகூட வரவில்லை.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"முன்னால வண்டி நிக்குதும்மா. பறந்தா போகட்டும்?"

அவளுடைய மேஜைக்கு வந்த தீ மனுக்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. பெரியவர்கள் ஓடுவார்கள். குழந்தைகள் ஓட மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறை மூலையில் ஒளிந்துகொள்வார்கள், அம்மா வருவாள் என்று. எத்தனை மனுவில் அதைப் படித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியை எழுதியிருக்கிறாள்! இவளோ பெண்ணுக்கு ஒளிந்துகொள்ளவே பாடம் எடுத்திருக்கிறாள். உள்ளேயே இரு, நான் வருகிற வரை அசையாதே. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள். தெரு முனையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. பணத்தை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

கட்டிடத்து வாசலில் கூட்டம். மாடிப்படி ஜன்னல்களிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. ரப்பர் எரிகிற நாற்றம். எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"மேல போகக் கூடாதும்மா! ஃபயர் வண்டி வந்துட்டே இருக்கு!"

"எம் பொண்ணு உள்ள இருக்கா!"

"வர்றாங்கம்மா, அவங்க வந்து..."

அவர் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள். மாடிப்படியில் ஓடினால் என்ன ஆகும் என்று அவளிடம் தனிக் கோப்பே இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள். பின்னால் தடதடவென்று யாரோ வந்தார்கள். ஜிம் மாஸ்டர். ஒரு ஈரத் துண்டை அவள் முகத்தில் வைத்து அழுத்தினான்.

"இதைக் கட்டிக்குங்கக்கா. சொல்லச் சொல்லக் கேக்காம ஓடறீங்களே!"

மூன்றாம் மாடியில் புகை தோளுக்கு மேலே தொங்கியது. கண் எரிந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"பொட்டலம்! அம்மா வந்துட்டேன்! திற!"

கைப்பிடியைப் பிடித்து உலுக்கினாள்.

"சாவி இல்லையாக்கா?"

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருப்பா. சாவி வேலைக்காகாது."

மாஸ்டர் தோளைக் கொடுத்து மோதினான். ஊரில் இருக்கிற இரும்பை எல்லாம் தூக்குகிற தோள். கதவு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. திருடனுக்குப் பயந்து உள்பக்கம் இரும்புத் தகடு அடிக்கவைத்தவளும் இவள்தானே!

அவள் வாயைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். சைக்கிள். நீச்சல். ஊஞ்சல். நாய்க்குட்டி. ஐஸ்கிரீம். பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று நினைக்க நினைக்க, அவள் கூடாது என்று சொன்னவைதான் வாயில் வந்தன. பெண்ணின் ரத்தம் என்ன வகை என்று தெரியும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி ஊசி எப்போது போட்டது, எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் தெரியும். பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஒரு வார்த்தை எழுதினால் அது என்னவாக இருக்கும் என்று மட்டும் பெற்றவளுக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் புகையைவிட மோசமாக எரித்தது.

"கேளுடா கண்ணு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எனக்கு வார்த்தை தெரியாது. மறந்துட்டேன்னு சொன்னா அது பொய். நீ எழுதினப்ப நான் கவனிக்கவே இல்ல. கையை மட்டும் உங்கிட்ட நீட்டிட்டு நான் ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தேன். நீ என்னை நம்பாதது சரிதான். அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன். இப்ப நான் சொன்னது எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போடு. அம்மாதானா இல்லையான்னு நீயே முடிவு பண்ணு. என்ன செய்யணும்னு உனக்குத் தோணுதோ, அதைச் செய்டா."

பத்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. உனக்குத் தோன்றியதைச் செய்! கதவில் காதை வைத்துக் கேட்டாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம் வரவில்லை. இருமல் வரவில்லை. அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

"அக்கா," மாஸ்டர் மூக்கை உறிஞ்சினான். புகையோ அழுகையோ. "சாவியைப் போட்டுத்தான் பாருங்களேன்."

"அதான் சொல்றேனே, தாழ்ப்பாள்..."

"போட்டுப் பாருங்கக்கா!"

சாவி துளைக்குள் போகாமல் நாலு பக்கமும் இடித்தது. அவன்தான் கையைப் பிடித்துச் செருகினான். திருப்பினாள். கதவு திறந்துகொண்டது, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

தாழ்ப்பாள் போடவே இல்லை. இந்நேரம் அவள் பேசியது அத்தனையும் காலி வீட்டிடம்தான் பேசியிருக்கிறாள்.

அது உடனே அவளுக்கு உறைக்கவில்லை. "பொட்டலம்! பொட்டலம்!" என்று கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். அலமாரியைத் திறந்து துணிகளை எல்லாம் இழுத்துப் போட்டாள். குளியலறை, சமையலறை, திரைக்குப் பின்னால். மாஸ்டர் சோபாவை ஒற்றைக் கையால் புரட்டிப் பார்த்தான். இல்லை. பள்ளிப் பையையும் காணோம். சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர் மட்டும் மேடையில் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரைக்கும் கதவுக்குப் பின்னால் பெண் இருக்கிறாள் என்ற ஒன்றாவது இருந்தது. இப்போது எங்கே? மாடிப்படியில் இறங்கினாளா, புகையில் எந்தத் திருப்பத்திலாவது கிடக்கிறாளா, ஓடி வரும்போது தாண்டி வந்துவிட்டோமா? யாராவது சரியான வார்த்தையைச் சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார்களா? கூடத்தின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் படித்த எந்த மனுவிலும் இந்த இடத்துக்கு அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

வெளியே ஒரு விசில் கேட்டது.

நீளமான, காதைக் கிழிக்கிற விசில். தீயணைப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மறுபடி கேட்டது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி. இது கட்டிடத்தைப் பார்த்து அடிக்கிற விசில் மாதிரித் தெரிந்தது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல விடாமல் கூப்பிட்டது. தவழ்ந்துபோய், தொடக் கூடாத பால்கனிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், சலவைக்கடை வாசலில், தலையில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் பள்ளிப் பையோடு, கழுத்தில் கயிற்றில் சாவி தொங்க, வாயில் இரண்டு விரலை விட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தது பொட்டலம்.

"அம்மா!" அது குதித்துக் குதித்துக் கத்தியது. "அங்க என்ன பண்ற? கீழ வா! முன்னால வராதே, புகை அங்கதான்! பின்பக்கப் படியில வா! குனிஞ்சு வா! மூக்கை மூடிக்கோ!"

அம்மாக்காரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குனிந்தாள். மூக்கை மூடிக்கொண்டாள். காலே வைக்கக் கூடாத படிக்கட்டில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் அந்த மலையும் பாதியாக மடங்கி, "பாப்பா சொன்னா சரிதான்க்கா, இந்தப் பக்கம் புகையே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தது.

தெருவைக் கடந்து பெண்ணை வாரி அணைத்துக்கொண்டாள். விரல்கள், கண், காது, தலைமுடி என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. எல்லாம் சூடாக இருந்தன. ஆனால் பெண் மட்டும் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

"கதவைப் பூட்டிட்டுத்தான் வந்தேன்" என்றது. "கேஸ் மூடியிருக்கான்னு பார்த்தேன், தொடல. துண்டை நனைச்சுக்கிட்டேன். ரோட்டைக் கடக்கறப்ப ரெண்டு பக்கமும் பார்த்தேன். யாருகிட்டயும் பேசல. வார்த்தையை யாருகிட்டயும் சொல்லல."

இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். தினமும் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, நான் கவனமாகத்தான் இருந்தேன், என் மேல் தப்பில்லை என்று நிரூபிக்கிறவர்களின் குரல். தன் பெண் தன்னிடம் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

"யாரும் வார்த்தை சொல்லலையே, பின்ன எப்படித் திறந்தே?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கோபம் இல்லை, ஆனாலும் பொட்டலம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

"கதவுக்கு அடியில புகை வந்துச்சும்மா. புகைகிட்ட வார்த்தையா கேக்க முடியும்?"

ஜிம் மாஸ்டர் ஹஹ் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் ஓடி வந்ததைப் பார்க்கலையா நீ? வாசல்லயே கூப்பிட்டிருக்கலாமேடா. நீ உள்ள இருக்கேன்னு நினைச்சு நான்..."

பொட்டலம் தரையைப் பார்த்தது. செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளியது.

"பார்த்தேன்."

"பார்த்தியா?"

"நீ வர்றதைப் பார்த்ததும் சலவைக்கடைக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டேன். கதவைத் திறந்தேன்ல. பின்பக்கப் படியில வந்தேன்ல. தனியா ரோட்டைக் கடந்தேன்ல. நீ திட்டுவேன்னு... அப்பறம் பார்த்தா நீ உள்ள ஓடிட்டே. கத்தினேன், உனக்குக் கேக்கல." அதுவரைக்கும் அழாத பிள்ளை இப்போது உதட்டைப் பிதுக்கியது. "புகையைப் பார்த்தாக்கூட அவ்வளவு பயமா இல்லம்மா. நீ வர்றதைப் பார்த்துத்தான் பயமா இருந்துச்சு."

தெருவில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. குழாய்களை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். யாரோ யாரையோ ஒதுங்கச் சொன்னார்கள். அம்மாக்காரி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாளும் ஊரிலிருக்கிற ஆபத்து ஒன்று விடாமல் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பெண் அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது இவளேதான். அழ வேண்டும் போல இருந்தது, அழுதாள். கூட்டத்தில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றும் நினைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலம் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"வார்த்தை நிஜமாவே தெரியலையா உனக்கு?"

"தெரியலடா. நான் பார்க்கல அன்னிக்கு."

"நான் 'புரிஞ்சுதா'ன்னு கேட்டேனே."

"கேட்டே. நான்தான் பொய் சொன்னேன்."

பொட்டலம் ஜிம் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தது. அவன் புரிந்துகொண்டு, பெரிய மனிதனாக, முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். அம்மாக்காரி இடது கையை நீட்டினாள். இந்த முறை கண்ணை வேறெங்கும் எடுக்காமல் உள்ளங்கையையே பார்த்தாள். விரல் ஈரமாக இருந்தது. முதல் எழுத்து வ. மேலே ஒரு வளைவு. வி. அப்புறம் சி. அப்புறம் ல் எழுதிப் புள்ளி வைத்து, புள்ளியைக் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தது.

"அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சும்மா, போர்வைக்குள்ள. உனக்குக் காட்டலாம்னுதான் வெச்சேன். நீ கதவுகிட்ட வந்து வார்த்தை சொன்னதும் அடிச்சுக் காட்டலாம்னு."

எதிரே கட்டிடத்து ஜன்னல்களில் புகை வெளுத்துக்கொண்டு வந்தது. வீட்டில் என்னென்ன கெட்டுப்போயிருக்கும், இன்னும் எத்தனை நாளுக்கு மின்சாரம் இருக்காது, கீழ்வீட்டு அத்தை எப்போது வருவாள், நாளைக்குப் பள்ளி விட்டதும் என்ன செய்வது என்று பயங்கள் வழக்கம்போல வரிசையாக வந்து நின்றன. அவை எங்கேயும் போய்விடவில்லை. நாளைக்கும் இந்தப் பெண் தனியாகத்தான் இருக்கப் போகிறது.

"எங்க, இன்னொரு தடவை அடி, பார்க்கலாம்" என்றாள்.

"இப்பவா? இங்கயா?"

"ம்."

பொட்டலம் நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு கையைத் தூக்கியது. விரல்களில் பின்பக்கப் படிக்கட்டுக் கைப்பிடியின் அழுக்கு. நகத்துக்குள் கறுப்பு. அந்தக் கறுப்பு விரல்கள் நேராக வாய்க்குப் போவதை அவள் பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பொட்டலம் மூச்சை இழுத்து ஊதியது. ரோட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர்கள் எல்லோரும் யார் கூப்பிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள்.